தங்கத்தின் மேல் போட்ட தாள்

இல்யாஸ்,

சலாமும் சுகமும் நேற்றே போனில் முடிந்துவிட்டன. அதற்குப் பிறகு நீ பேசிய பேச்சுக்குத்தான் இந்தக் கடிதம். போனில் உன்னோடு வாதாட எனக்கு வராது. எனக்குப் பதில் தோன்றும் நேரத்தில் நீ போனை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பாய். எழுதினால் குறுக்கே பேச மாட்டாய் என்ற தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு மூத்தவள், உன் ராத்தா ஜரீனா, டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, யாருக்கு வாப்பா இவ்வளவு நீளமாக எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். கரன்ட் ஆபீசுக்குப் புகார் என்று சொல்லிவிட்டேன். நம்பவில்லை, ஆனாலும் போய்விட்டாள்.

நீ கட்டப்போகும் நஸ்ரினின் உம்மா கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறார். காரணம் நீ. நம் கூட்டத்தில் பெண் தன் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறான். வீடும் பெண்பிள்ளைகள் பேரில்தான் எழுதப்படும். ஆண்கள் கப்பலேறிப் போய் எப்போது திரும்புவார்கள் என்று தெரியாத காலத்தில், மகளை அந்நிய வீட்டில் விட மனமில்லாத யாரோ ஒரு தகப்பன் ஆரம்பித்து வைத்திருப்பான். இதைக் கேட்டு உன் பெங்களூர் லேபில் இருக்கும் வடக்கத்திப் பையன்கள் சிரித்தார்கள் என்று ஒருமுறை நீயே சொன்னாய். அன்று நீயும் சேர்ந்து சிரித்தாய். இப்போது இங்கே காரைக்காலில் உள்ள பொறியியல் கல்லூரியில் வேலை கிடைத்து ஊரோடு வரப்போகிற நேரத்தில், அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போக மாட்டேன், ஊருக்குள்ளேயே கோவில்பத்தில் வாடகைக்கு வீடு பிடித்து நஸ்ரினை அழைத்துக்கொண்டு போவேன், வாப்பாவையும் அங்கேயே வைத்துக்கொள்வேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டாய். அவர் கணவரை இழந்தவர். இருப்பது ஒரே பெண். பகலெல்லாம் கிளினிக்கில் பல் பிடுங்கிவிட்டு மாலையில் வீடு திரும்பும் மகள் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்காகக் காத்திருப்பவர். இந்தக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று தெருவில் என்னிடமே கேட்கிறார்கள். எனக்கே தெரியவில்லை.

உன் கோபம் எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். போனமுறை நீ வந்தபோது, உன் உம்மாவின் இந்த வீட்டில் நானும் அவளும் இருந்த மாடியறையில் ராத்தாவும் அவள் மாப்பிள்ளையும் இருப்பதைப் பார்த்தாய். என் கட்டில் மாடிப்படிக்குக் கீழே, பழைய பெயின்ட் டின்கள் அடுக்கியிருந்த சின்ன அறைக்கு வந்திருப்பதையும் பார்த்தாய். ராத்தாவிடம் அப்போது நீ கேட்ட கேள்விகளுக்கு அவள் அழுததுதான் பதில். மாடியறை எப்போதுமே வீட்டு மாப்பிள்ளைக்கு உரியது. அவள் மாப்பிள்ளை துபாயை முடித்துக்கொண்டு வந்ததும் நானாகத்தான் இறங்கினேன். படியேறினால் முழங்கால் என்னோடு சண்டைக்கு வருகிறது என்பதும் ஒரு காரணம். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்று போனில், "அந்த வீட்ல நீங்க தங்கத்து மேல போட்ட தாள் வாப்பா. உங்க வெளிச்சம் அத்தனையும் அது குடிச்சிடுச்சு. என்னையும் அதே மாதிரி ஆகச் சொல்றீங்களா?" என்றாய். வேறு யார் காதில் விழுந்திருந்தாலும் ஒன்றும் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் வலித்தது.

உன் உம்மா மௌத்தான பிறகு என்னைப் பெங்களூருக்கு அழைத்துப் போய்க் கொஞ்ச காலம் வைத்திருந்தாய். பகலில் என்னைத் தனியாக விட மனமில்லாமல் ஒருநாள் லேபுக்குக் கூட்டிப் போனாய். தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, உடம்புக்கு வெள்ளை அங்கி எல்லாம் மாட்டிவிட்டு, ஹஜ்ஜுக்குப் போகிறவர் மாதிரி இருக்கிறீர்கள் என்றாய். சாம்பல் நிறத்தில் மினுங்கும் ஒரு கல்துண்டைக் காட்டி, மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்தது என்றாய். அதன்மேல் ஒட்டு டேப்பை ஒட்டி உரித்தாய். உரித்ததை இன்னொரு டேப்பில் ஒட்டி மறுபடி உரித்தாய். வெங்காயம் உரிப்பதுபோல உரித்துக்கொண்டே போய், ஒரு சிலிக்கான் சில்லின்மேல் வைத்து அழுத்தி எடுத்தாய். நுண்ணோக்கியில் பார்த்தால் ஊதா நிறத் தரையில் கிழிந்த நீலத் துணி ஒன்று கிடந்தது. இதற்கு மேல் உரிக்க முடியாத ஒற்றை அடுக்குத் தாள், இதன் கனத்தை அணுக்களை எண்ணித்தான் சொல்ல வேண்டும் என்றாய். இவ்வளவு மெலிசான சாமான் எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது என்று கேட்டேன். அதில் தாளின் சாமர்த்தியம் பாதிதான், சில்லின்மேல் இருக்கும் ஆக்சைடுப் பூச்சின் கனம்தான் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அந்தக் கனம் பொருந்தாவிட்டால் தாள் அங்கே கிடந்தாலும் கண்ணில் படாது என்றாய்.

நான் ஷார்ஜாவில் கார் பெயின்ட் பட்டறையில் காலம் தள்ளியவன். அடிப்பூச்சாகப் போடும் வெள்ளை பிரைமர் மேல் அடித்த சிவப்பும் சாம்பல் பிரைமர் மேல் அடித்த சிவப்பும் ஒன்றாக இராது. ஆகவே, பிரைமர் சமாச்சாரம்தானே என்று பெரிய ஞானி மாதிரி சொன்னேன். இல்லை என்று நீ பொறுமையாகச் சொன்னாய். பெயின்டுக்குக் கனம் உண்டு, இன்னும் இரண்டு கோட் அடித்தால் அடியில் இருப்பதை அது மறைத்துவிடும். இந்தத் தாளுக்கு உள்ளே என்று ஒன்று கிடையாது, மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் மட்டும்தான். அதனால் எதன்மேல் கிடக்கிறதோ அதன் சேதி முழுக்க இதன் உடம்பில் தெரியும் என்றாய். பிறகு பச்சை லேசரை அதன்மேல் விழச் செய்தாய். தாள் பதிலுக்குச் சிவப்பாக ஒளிர்வதைத் திரையில் ஒரு கோடாகக் காட்டினாய். ஆக்சைடின்மேல் கிடந்த தாளின் கோடு சரிந்து அகன்ற மணல்மேடாக இருந்தது. அந்த ஆக்சைடு நம் கைக்குத்தான் வழவழப்பு, எலக்ட்ரானுக்கு அது குண்டும் குழியுமான ரோடு, போதாததற்கு அங்கங்கே மின்சுமைகள் சிக்கிக் கிடந்து காலை இடறிவிடும் என்று விளக்கினாய். அடுத்து போரான் நைட்ரைடு என்ற படிகத்தின்மேல் கிடந்த தாள். அதே தாள், அதே லேசர். கோடு பள்ளிவாசல் மினாராபோல ஒடுங்கி உயர்ந்து நின்றது. கடைசியாகத் தங்கத்தின்மேல் கிடந்த தாளைக் காட்டினாய். கோடு தரையோடு படுத்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது நீ சொன்ன ஜோடிக் கதை. வெளிச்சம் பட்டதும் ஒரு எலக்ட்ரான் எழும்புகிறது. அதுவும் அது விட்டுப்போன காலியிடமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஜோடியாகத் திரிகின்றன. இரண்டும் மறுபடி சேரும்போது ஒளி பிறக்கிறது. தாள் மெலிசு என்பதால் அந்த இழுப்பு தாளுக்குள் அடங்காமல் வெளியேயும் நீள்கிறது. வெளியே என்ன பொருள் இருக்கிறதோ அது நடுவில் புகுந்து இழுப்பைத் தளர்த்திவிடுகிறது. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் சொந்தக்காரர்கள் புகுந்த மாதிரியா என்று கேட்டேன். கிட்டத்தட்ட அதேதான் என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். உன் உம்மா போன பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது அன்றுதான். அந்தச் சந்தோஷத்தில், "அப்ப இதோட சொந்த வெளிச்சம்தான் எது?" என்று கேட்டேன். "எதுக்கு மேல வச்சுக் கேக்கறீங்கன்னு நான் திருப்பிக் கேப்பேன் வாப்பா" என்றாய். அடித்தளம் எதுவென்று சொல்லாத அளவை உங்கள் துறையில் அளவாகவே மதிப்பதில்லையாம். எதுவுமே இல்லாமல் அந்தரத்தில் விட்டால் என்ன என்றேன். ஒரு குழிக்கு மேலே பாலம்போலத் தொங்கும் தாளையும் காட்டினாய். நன்றாகத்தான் ஒளிர்ந்தது. ஆனால் தொய்ந்துபோகும், காற்றில் உள்ளதெல்லாம் வந்து ஒட்டும், சீக்கிரம் கிழியும் என்றாய்.

ஒரு தாளில் மட்டும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருந்தன. வைக்கும்போது ஈரம் அடியில் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் என்றாய். "இது நம்ம வீட்டு பீரோ" என்று நான் சொன்னது உனக்கு அப்போது விளங்கவில்லை. கல்யாணமாகி முதல் விடுப்பில் வந்தபோது, உன் உம்மாவைப் பெற்ற என் மாமியின் இரும்பு பீரோ கடல்காற்றில் துருப்பிடித்து நிற்பதைப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் அதைச் சுரண்டி, கார்களுக்கு அடிக்கிற மினுமினு பச்சையை அடித்தேன். பாலைவனத்துக் காற்றில் தொழில் படித்தவன். பிரைமர் அடித்த சூட்டில் பெயின்ட் அடித்துப் பழகிய கை. காரைக்காலில் ஐப்பசி மாதம் இரும்புக்கே வியர்க்கும் என்பது எனக்கு மறந்துவிட்டது. சில நாளில் பீரோ முழுக்க அம்மை போட்ட மாதிரிக் கொப்புளம். வீட்டு மாப்பிள்ளையைக் குறை சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. மாப்பிள்ளையின் கைவேலை அழகு என்று மாமி சொல்லியனுப்பினார். வந்தவர் போனவரெல்லாம் அந்தப் பீரோவைப் புகழ்ந்தார்கள். புகழப் புகழ எனக்குக் கூசியது.

நீ சொன்னதில் எது உண்மையோ அதையும் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்த வீடு வாடகை சைக்கிள் கடை வீடு. விடிந்ததிலிருந்து சத்தம், சண்டை, சிரிப்பு. அங்கே தெருவில் போகிறவர் வருகிறவர் மாதிரியெல்லாம் பேசிக்காட்டுவது என் வேலை. என் நடிப்பைப் பார்க்க சைக்கிள் வேண்டாதவனும் கடைக்கு வருவான். உன் சித்தப்பாமார் அதைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்து இந்த வீட்டுக்கு வந்தேன். தலைமுறையாக வியாபாரம் செய்த வீடு, உயர்ந்த சுவர்கள், தேக்குக் கதவுகள். மாமி என் எதிரே வர மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று மகள் மூலமாகப் பேசுவார். பசியாறச் சாப்பாடு முதலில் எனக்குத்தான் வரும். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வீடு மூச்சுக் காட்டாது. இவ்வளவு மரியாதைக்கு நடுவில் எவனுக்குப் பேச்சு வரும்? நான் அடங்கிப்போனேன். ஷார்ஜாவுக்குத் திரும்பப் போகும்போது, அல்லாஹ் மன்னிக்கட்டும், ஒரு நிம்மதிகூட இருந்தது.

அதே மாமி பல வருடம் கழித்து ஒருநாள் என்னைத் திட்டினார். நான் ஷார்ஜாவை முடித்துக்கொண்டு வந்து, வேலை ஒன்றும் அமையாமல் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்த காலம். கிளிஞ்சல்மேட்டிலிருந்து வாங்கிவரச் சொன்ன மீனை மறந்துவிட்டேன். கதவுக்குப் பின்னால் இல்லை, நேரே முன்னால் வந்து நின்றார். "மீனும் வாங்கத் தெரியல, பெயின்டும் அடிக்கத் தெரியல. நல்ல பீரோவ நாசமாக்கின மனுசன்தானே நீங்க" என்றார். அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது இல்யாஸ். அத்தனை வருடமும் அந்தப் பீரோவை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறார் பாவம். அன்று முதல் நான் அடுப்படிக்குள் போய்த் தண்ணீர் மோந்து குடித்தேன். அந்த வீட்டில் அதுவரை எந்த மாப்பிள்ளையும் அடுப்படி வாசலைத் தாண்டியதில்லை. இன்று ராத்தாவின் மாப்பிள்ளை அங்கே நின்று பரோட்டா போடுகிறார். அடியில் இருப்பது மட்டும்தான் தாளை மாற்றுமா, தாள் அதை மாற்றாதா என்று லேபில் உன்னிடம் கேட்டேனே, நினைவிருக்கிறதா? அடித்தளம் கனமாக இருந்தால் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனால் தாளுக்கு அடியில் இன்னொரு தாள் என்றால் இரண்டுமே மாறிவிடும், சற்றுத் திருப்பி வைத்தால் தனித்தனியாக இரண்டுக்கும் இல்லாத குணம்கூட வரும் என்று நீதான் சொன்னாய். இந்த வீட்டை நீ பெரிய தங்கப்பாளமாக நினைத்துவிட்டாய். உயரமான சுவருக்குள் அவர்களும் மெலிசான மனிதர்கள்தான்.

சரி, தங்கம் என்றே வைத்துக்கொள்வோம். தங்கத்தின்மேல் தாளின் ஒளி என்ன ஆகிறது என்று அன்று கேட்டேன். அழிவதில்லை, ஒளியாக வெளியே வருவதற்குள் தங்கத்துக்குள் இறங்கிவிடுகிறது என்றாய். இன்னொன்றும் சொன்னாய். டேப்பால் உரித்தால் துண்டு துண்டாகத்தான் வரும், தங்கம் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால்தான் அதில் பெரிய தாளாகக் கிழியாமல் வருகிறது என்றாய். என்னைத் தங்கத்தின்மேல் போட்ட தாள் என்று சொன்னாயே, என் வெளிச்சம் எங்கே இறங்கியது என்று நீ தேடினாயா?

ஷார்ஜாவிலிருந்து நான் உன் உம்மாவுக்குக் கேசட் அனுப்புவேன். அந்தக் காலத்தில் சம்பாதிக்கக் கடல் கடந்த சபராளிகள் எல்லோரும் அப்படித்தான், குரலைப் பதிந்து ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடுவோம். மற்றவர்கள் சுகம் விசாரித்து அழுவார்கள். எனக்கு அழ வராது. பட்டறையில் இருந்த பட்டாணி டிரைவர் மூக்கால் பேசுவது, மலையாளி போர்மேன் கோபத்தில் மூன்று பாஷையைக் கலந்து திட்டுவது, அரபி முதலாளி போனில் மனைவியிடம் கெஞ்சுவது, எல்லாவற்றையும் பேசிப் பதிந்து அனுப்பினேன். நேரில் வாய் திறக்காத மாப்பிள்ளை கேசட்டில் கூத்தடித்தான். உன் உம்மா முதலில் மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாளாம். பிறகு அவள் தங்கைகள் சேர்ந்தார்கள். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்கள். கடைசியில் மாமியே டேப் ரெக்கார்டரைக் கீழே கொண்டுவரச் சொல்லிவிட்டார். உனக்கு நினைவு தெரிந்த நாளில் உன் உம்மா தெருவையே சிரிக்க வைக்கிறவள். கல்யாண வீட்டில் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, அந்தப் பட்டாணி மாதிரி ஒருதரம் பேசு என்று கெஞ்சுவார்கள். நீயும் அவள் மடியில் கிடந்து சிரித்திருக்கிறாய். அவள் கடைசிவரை விமானம் ஏறியவள் இல்லை, ஷார்ஜாவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஒரு பட்டாணி எப்படிப் பேசுவான் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நீ ஒருநாளும் யோசித்ததில்லை.

நான் உன் உதாரணத்தைப் பிடித்துத் தொங்கவில்லை. உன் படிப்பு தாளைப் பற்றியது. அதில் நீ சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். மனிதனுக்கு உள்ளே என்று ஒன்று இருக்கிறது, அங்கே நடப்பது அடுத்தவருக்கு வெளியே தெரிவதில்லை. பெற்ற பிள்ளைக்கும் தெரிவதில்லை. மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறேன் என்று நீ பார்க்கிறாய். எனக்கு அது உன் உம்மா புழங்கிய வீட்டின் நடுமத்தி. ராத்தா அடுப்படியில் பாத்திரத்தை வைக்கும் விதம்கூட அவள் உம்மாவைப் போலவே இருக்கும். காலையில் அந்தச் சத்தத்தில்தான் எழுந்திருக்கிறேன்.

தனி வீடு வேண்டும் என்று நீ நினைப்பது தவறில்லை. உனக்கு நஸ்ரின் வீட்டில் மூச்சு முட்டும் என்றால் அவளிடம் நேராகச் சொல். அவள் படித்த பெண், உன்னைவிடப் பொறுமை உள்ளவள். அவளுக்கும் சம்மதம் என்றால் இருவரும் சேர்ந்து போய் அவள் உம்மாவிடம் பேசுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் வாப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பெயரில் கேட்காதே. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நான் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். என் மகன் எனக்காக ஒரு வீடும் பார்க்க வேண்டாம், நான் இருக்கும் வீட்டில் நன்றாக இருக்கிறேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லப் போகிறேன். மீதியை நீ வந்து சொல்.

மற்ற ஜனங்களின் கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவன் வாசலில் நின்று அழுவான். நம்மிடையே அழ வேண்டியவன் பையனைப் பெற்றவன். என் வாப்பா அழுதார், நான் திரும்பிப் பார்க்கவில்லை. உன்னை அனுப்பி வைக்கும் நாளில் எனக்கும் அந்த நிலைதான். இதைப் படித்துவிட்டு வாப்பாவுக்கு என்னோடு இருக்க ஆசையில்லை என்று நினைத்துவிடாதே. கோவில்பத்து வீட்டைப் பற்றி நீ சொன்னதும் ஒரு நிமிடம் மனதுக்குள் என் கட்டிலை எங்கே போடலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். அவ்வளவு ஆசை இருக்கிறது. அந்த ஆசைக்காக இன்னொருத்தி தன் மகளை இழக்கக் கூடாது.

உன் வாப்பா